குத்தம் கேஸ்கெட் மேல இல்ல, மாப்ள

மண்டபம்
ஞாயிறு ராத்திரி

மாப்ள,

உன் கடுதாசி வந்து மூணு வாரம் ஆச்சு. பதில் வரலைன்னு சித்தப்புகிட்ட தாக்கல் சொல்லி விட்டிருக்க. நீ திட்டினதுல பாதியை அவர் முழுங்கிட்டுத்தான் சொன்னார், முகத்துலயே தெரிஞ்சுது. இங்க எல்லாரும் சௌக்கியம். மழை இன்னும் எட்டிப் பார்க்கல. டிராயிங் மாஸ்டர் இன்னும் அதே சட்டைதான். சரி, வண்டிக்கு வர்றேன்.

பாம்பன் பாலத்து நடுவுல சம்பந்தி வீட்டு ஆளுகளைக் காத்துல நிக்க விட்டுட்டு, மாருதி எண்ணூறோட போனட்டைத் தூக்கி வச்சுக்கிட்டு, "கடல் பார்க்கத்தான் நிறுத்தினேன்"னு சொன்னியாமே. ஊரே சொல்லிச் சிரிக்குது. ஆனா கொதிக்கிற ரேடியேட்டர் மூடியைத் துண்டை வச்சுத் திருகினேன்னு எழுதியிருக்க பாரு, அதுக்கு எனக்குச் சிரிப்பு வரல. அந்த மூடி 0.9 கிலோ அழுத்தத்தைப் பிடிச்சு வச்சிருக்கும். அந்த அழுத்தத்துல தண்ணி 118, 119 டிகிரி வரைக்கும் கொதிக்காம உள்ள கிடக்கும். மூடியைத் திறந்த அந்த நொடியே அழுத்தம் போயிரும், 100 டிகிரிக்கு மேல இருக்கிற தண்ணி அப்படியே ஆவியாப் பொங்கும். முழங்கையோட போச்சு, முகத்துல அடிச்சிருந்தா என்ன பண்ணியிருப்ப? அரை மணி நேரம் பொறு. மேல் ஹோஸைக் கையால அமுக்கிப் பாரு, மெத்துன்னு அமுங்கினாத்தான் மூடிப் பக்கம் போகணும். அப்புறம் பச்சைத் தண்ணியை ஊத்தினதும் தப்பு. சூட்டுல இருக்கிற அலுமினிய ஹெட்டுல, அதாவது சிலிண்டருக்கு மேல மூடி மாதிரி உக்கார்ற பாகத்துல, குளுந்த தண்ணி பட்டா ஒரு பக்கம் சுருங்கும், ஒரு பக்கம் சுருங்காது. வால்வு சீட்டுக்கு நடுவுல விரிசல் விழுறது அப்படித்தான்.

"போன வருஷம்தான் ஹெட் கேஸ்கெட் மாத்துனேன், டூப்ளிகேட்டைப் போட்டு ஏமாத்திட்டானுக"ன்னு ரெண்டு பக்கத்துக்கு அந்தப் பட்டறையைத் திட்டியிருக்க. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல கசியாம அடைச்சு நிக்கிற தகடுதானே அது. இருக்கலாம். ஆனா ஒரே வண்டியில ஒரு வருஷத்துல ரெண்டு கேஸ்கெட் போச்சுன்னா, கேஸ்கெட் மேல பழி போடுறதுக்கு முன்னாடி உள்ள என்ன தண்ணி ஊத்துறோம்னு பார்க்கணும். நீ ஊத்துறது கொல்லைப்புறத்து போர்த் தண்ணி. குளிச்சா உடம்பு வெள்ளை பூக்குதுன்னு நீயே சொல்லுவ. அதே தண்ணியை எஞ்சினுக்குள்ள போட்டுக் காய்ச்சினா அங்கயும் அதேதான் பூக்கும்.

குடிதண்ணிக்கு டி.டி.எஸ், அதாவது கரைஞ்சிருக்கிற உப்பு வகையறா, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைக்கும் நல்லதுன்னும், வேற வழி இல்லாத இடத்துல 2000 வரைக்கும் போகலாம்னும் இந்தியத் தர நிர்ணயம் சொல்லுது. நம்ம கரையில ஆயிரத்தைச் சாதாரணமாத் தாண்டுற கிணறு எத்தனையோ. அந்தத் தண்ணி ரெண்டு வேலை பாக்கும். சுண்ணாம்பு, எங்க சூடு அதிகமோ அங்க, அதாவது எக்ஸாஸ்ட் வால்வைச் சுத்தி, தகடாப் படியும். படிஞ்ச இடத்துல சூடு தண்ணிக்கு இறங்காது, ஹெட்டு அந்த இடத்துல மட்டும் தனியாக் காயும், அங்கதான் வளையும். உப்பு வேற வேலை பாக்கும், அலுமினியத்தைக் குழி குழியாத் தின்னும். எண்ணூறுக்கு பிளாக், அதாவது சிலிண்டர் இருக்கிற அடிப்பாகம், வார்ப்பிரும்பு, ஹெட்டு அலுமினியம். ரெண்டு உலோகத்துக்கு நடுவுல உப்புத் தண்ணி நின்னா அது ஒரு பேட்டரிதான். அதுல கரையுறது அலுமினியம். ஹெட்டோட தண்ணி ஓட்டையைச் சுத்தி விளிம்பு அரிச்சு, அந்த அரிப்பு கேஸ்கெட்டோட எஃகு வளையம் உக்கார்ற இடத்துக்கு வந்துருச்சுன்னா, நீ தங்கத்துல கேஸ்கெட் செஞ்சு போட்டாலும் நிக்காது.

ஹெட்டைக் கழட்டுறதுக்கு முன்னாடி, போனது கேஸ்கெட்தானான்னு உறுதி பண்ணிக்க. ஆயில் மூடிக்கு அடியில மோர் மாதிரி வெள்ளையா இருக்குன்னு எழுதியிருக்க. அது மட்டும் போதாது. கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடுற வண்டிக்கு, உள்ள சேர்ற ஈரத்துலயே அப்படி ஆகும். ஆயில் மட்டம் பாக்குற கேஜ் கம்பியிலயும் அதே நிறம்னாத்தான் கவலைப்படணும். காலையில ஆறின எஞ்சின்ல ரேடியேட்டர் மூடியைத் திறந்து வச்சு ஸ்டார்ட் பண்ணு. விடாம குமிழி வந்தா கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள்ள இருக்கிற அழுத்தம், தண்ணிக்குள்ள போகுது. மூணு பிளக்கையும் கழட்டிப் பாரு, தண்ணி இறங்குற சிலிண்டரோட பிளக் மட்டும் கழுவி விட்ட மாதிரி இருக்கும். கம்ப்ரஷன் கேஜ் கிடைச்சா மூணையும் அளந்துரு. ஒண்ணுக்கொண்ணு 1 கிலோவுக்கு மேல வித்தியாசம் இருக்கக் கூடாது. அடுத்தடுத்த ரெண்டு மட்டும் சேர்ந்து குறைஞ்சிருந்தா, அந்த ரெண்டு சிலிண்டருக்கும் நடுச்சுவர்ல கேஸ்கெட் வெடிச்சிருக்கு.

ஃபேனையும் பாத்துரு. பாலத்துல நின்னப்போ அது சுத்துச்சாங்கிறதை நீ எழுதவே இல்ல. சூடு ஏறினா ஃபேனை ஓட விடுற தெர்மோ சுவிட்ச் பிளக்கைக் கழட்டு, ரெண்டு முனையையும் ஒரு ஒயரால இணைச்சு சாவியைப் போடு. சுத்தினா சுவிட்ச் செத்துருச்சு. சுத்தலைன்னா ஃபியூஸ், ரிலே, மோட்டார்னு வரிசையாப் போகணும். நம்ம காத்துக்கு அந்த முனைக பச்சை பூத்துக் கிடக்கும், அதைச் சுரண்டி விட்டாலே பாதிக் கேஸ் தீர்ந்துரும்.

பாட்டில்ல வர்ற சீலரை ஊத்தலாமான்னு கேட்டிருக்க. வேண்டாம். சூட்டுல இறுகுற கரைசல் அது. ஓட்டையை அடைக்கிற அதே நேரத்துல ரேடியேட்டரோட சின்னக் குழாயையும் அடைக்கும். நடு ரோட்டுல மாட்டிக்கிட்டு வண்டியை வீட்டுக்கு ஓட்டி வரணும்னா சரி, அதோட நிறுத்திக்க. தெர்மோஸ்டாட்டை, அதான் எஞ்சின் சூடாகுற வரைக்கும் தண்ணியை ரேடியேட்டருக்கு விடாத வால்வை, பிடுங்கிப் போட்டுட்டா வெயிலுக்கு நல்லதுன்னு உனக்கு எவனோ சொல்லியிருக்கான் பாரு, அவனை என் கண்ணுல காட்டாத. அதைக் கழட்டினா எஞ்சின் சூடு ஏற வேண்டிய அளவுக்கு ஏறாது, பெட்ரோல் குடிக்கும், ஆயில்ல ஈரம் தங்கும். ஆனா பாலத்துல நின்ன வண்டி அப்பவும் நிக்கத்தான் செய்யும். தெர்மோஸ்டாட் கெட்டிருந்தா புதுசு போடணும். கெட்டிருக்கான்னு பார்க்க, ஒரு பாத்திரத்துல தண்ணியைக் கொதிக்க வச்சு அதுல போட்டுப் பாரு, திறக்கணும்.

இனி வேலை. அவசரப்படுறவனுக்குத்தான் இது பெரிய வேலை. முந்தின நாள் சாயங்காலமே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு நட்டுக்கெல்லாம் துரு எண்ணெய் விட்டு ஊற வை. உப்புக் காத்துல கிடந்த நட்டு மல்லுக்கட்டும், ஒரு ஸ்டட் முறிஞ்சா அதைத் துளை போட்டு எடுக்கவே ஒரு நாள் போயிரும். மறுநாள் எஞ்சின் சுத்தமா ஆறினப்புறம்தான் கை வைக்கணும். பேட்டரி நெகடிவ்வைக் கழட்டு, தண்ணியை இறக்கு. வேக்குவம் ஹோஸ் ஒவ்வொண்ணுக்கும் டேப் ஒட்டி நம்பர் எழுது, போட்டோவும் எடுத்துக்க. கார்புரேட்டர் வண்டியில அந்த ஹோஸுக மாறிப் போச்சுன்னா அப்புறம் ஐடிலுக்கு ஒரு வாரம் அலையணும். டைமிங் பெல்ட்டைத் தளர்த்துறதுக்கு முன்னாடி டைமிங் குறி எல்லாத்தையும் நேருக்கு நேர் பொருத்தி வை, டிஸ்ட்ரிபியூட்டர் ரோட்டர் எங்க பாக்குதுன்னும் கோடு போட்டுக்க. அதுக்கப்புறம் கிராங்கையும் சுத்தாத, கேமையும் சுத்தாத.

ஹெட் போல்ட்டை ஓரத்துல ஆரம்பிச்சு நடுவை நோக்கி, ரெண்டு மூணு சுத்தாத் தளர்த்து. ஒரே மூச்சுல ஒண்ணைக் கழட்டிட்டு அடுத்ததுக்குப் போனா, நல்லா இருந்த ஹெட்டும் வளையும். ஒட்டிக்கிட்டு வராட்டி ஸ்க்ரூ டிரைவரை நடுவுல விட்டு நெம்பக் கூடாது, ரப்பர் சுத்தியலால தட்டு. கழட்டின ஹெட்டைப் பலகை மேல வை. உங்க வீட்டு முத்தத்து மணல் ஆயில் ஓட்டையில போச்சுன்னா பேரிங் வரைக்கும் தின்னும்.

சுத்தம் பண்றதுலதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. எமெரி பேப்பர், கிரைண்டர் சக்கரம் ரெண்டும் வேண்டாம். பிளாஸ்டிக் சுரண்டியும் தின்னரும் போதும், சிலிண்டர்ல துணி அடைச்சுக்க. போல்ட் ஓட்டையில தேங்கி நிக்கிற தண்ணியையும் ஆயிலையும் சிரிஞ்சால உறிஞ்சு காத்தடிச்சு எடு. அதை விட்டுட்டு முறுக்கினா போல்ட் அடியில இருக்கிற தண்ணியைத்தான் அமுக்கும். முறுக்கை அளந்து காட்டுற டார்க் ரெஞ்ச் சரின்னு சொல்லும், ஹெட்டு தளர்ந்தே இருக்கும். பிளாக்கே விரிஞ்சாலும் விரியும்.

அப்புறம் ஸ்ட்ரெயிட் எட்ஜை நீளவாக்குல, குறுக்கே, ரெண்டு மூலைவிட்டத்துலயும் வச்சு ஃபீலர் கேஜ் விட்டுப் பாரு. ஹெட்டுக்கு 0.05 மில்லிமீட்டர்தான் எல்லை, பிளாக் முகத்தையும் அதே மாதிரி பாரு. தாண்டுனா லேத் பட்டறையில ஃபேசிங், அதாவது முகத்தைச் சீவி மட்டம் பண்றது. கூடவே பிரஷர் டெஸ்ட்டும் பண்ணச் சொல்லு, பாலத்துல பச்சைத் தண்ணி ஊத்தினவன் நீ. போன வருஷமே ஒருதரம் ஃபேசிங் பண்ணியிருந்தா எவ்வளவு எடுத்தாங்கன்னு கேளு. ஒவ்வொரு தரம் சீவும்போதும் கம்ப்ரஷன் ஏறும், எஞ்சின் தட்ட ஆரம்பிக்கும். தண்ணி ஓட்டை அரிப்பு வளையம் வரைக்கும் வந்திருந்து, சீவியும் போகாட்டி, அந்த ஹெட்டை விட்டுரு. வேற ஹெட் தேடு.

புது கேஸ்கெட்டைக் காய்ஞ்சபடியே போடு. கிரீஸ், சில்வர் பெயிண்ட், அரக்கு, ஆனாபாண்ட் பேஸ்ட் எதுவும் அது மேல படக் கூடாது. போட் எஞ்சினுக்கு எல்லாத்துலயும் பேஸ்ட் தடவுற பழக்கம் நம்ம கரையில உண்டு, கையைக் கட்டிக்க. ஆனாபாண்ட்டை ஆயில் சம்புக்கு வச்சுக்க. கேஸ்கெட்ல மேல் பக்கக் குறி இருக்கும், ஆயில் ஓட்டை பொருந்துதான்னு பாரு. மாத்திப் போட்டா கேம்ஷாஃப்ட்டுக்கு ஆயில் போகாது. போல்ட் மரையிலயும் தலைக்கு அடியிலயும் ரெண்டு சொட்டு எஞ்சின் ஆயில். நடுவுல ஆரம்பிச்சு வெளிய போற மாதிரி மூணு சுத்து: முதல்ல 20, அடுத்து 40, கடைசியில 55 முதல் 60 நியூட்டன் மீட்டர். உன் வண்டி மேனுவல்ல வேற போட்டிருந்தா அதைப் பிடி. ஓட்டி ஆறினப்புறம் மறுபடி முறுக்கணுமாங்கிறதுக்கு கேஸ்கெட் பாக்கெட்ல என்ன போட்டிருக்கோ அதைச் செய். "கை பழகின டைட்"னு எவனாவது சொன்னா டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிரு. பெல்ட்டு புதுசு போடு, டென்ஷனர் பேரிங்கைச் சுத்திப் பாரு, வாட்டர் பம்ப் ஆடுதான்னு பாரு, டேப்பட் இடைவெளியை ஆறின எஞ்சின்ல வை. ஆயில்ல தண்ணி கலந்திருந்தா விலை குறைஞ்ச ஆயிலை ஊத்திப் பத்து நிமிஷம் ஐடில்ல விட்டு இறக்கிட்டு, அப்புறம் நல்ல ஆயிலும் புது ஃபில்டரும் போடு.

இப்ப தண்ணி. இவ்வளவும் எழுதினது இதுக்காகத்தான். போர்த் தண்ணி ஒரு சொட்டு உள்ள போகக் கூடாது. ஊருணித் தண்ணியும் வேண்டாம், உப்பு கம்மி, ஆனா சேறு. பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி. கலந்தே வர்றதை வாங்கினா இன்னும் சுலபம். "நம்ம ஊர்ல பனியா பெய்யுது, கூலன்ட் எதுக்கு"ன்னு கேப்ப. நமக்கு வேண்டியது அதுல இருக்கிற துருத் தடுப்பு மருந்து. அது தீர்ந்துபோற சரக்கு, அதனால பச்சைக் கூலன்ட்டுன்னா ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் மாத்தணும். ஊத்தும்போது ஹீட்டரைத் திறந்து வை, மூடி இல்லாம ஐடில்ல விட்டு ஃபேன் ஒருதரம் சுத்துற வரைக்கும் ஹோஸைப் பிசைஞ்சுக்கிட்டே நில்லு. காத்து உள்ள நின்னா மறுபடியும் கொதிக்கும். அப்புறம் ஆறு மாசத்துக்கு ஒருதரம் எஞ்சின் ஆஃப்ல மல்டிமீட்டரோட ஒரு முனையை பேட்டரி நெகடிவ்ல வை, இன்னொண்ணை ரேடியேட்டர் தண்ணியில மட்டும் தொடு. 0.3 வோல்ட்டுக்கு மேல காட்டினா கூலன்ட் செத்துருச்சு.

வண்டியை வித்துருவேன்னு கடைசியில ஒரு வரி எழுதியிருக்க. அதை நான் படிக்கல.

சித்தப்புகிட்ட டார்க் ரெஞ்ச் இருக்கு, கேட்டு வாங்கி வை. அடுத்த சனிக்கிழமை காலைல பஸ்ல வர்றேன். வெள்ளிக்கிழமை சாயங்காலமே நட்டுக்கு எண்ணெய் விட்டிருக்கணும்.

உன்,
ஸ்பானர்

பின்குறிப்பு: பாலத்துல இருந்து வீடு வர்ற வழியில ஒழுகலை அடைக்கிறேன்னு ரேடியேட்டர்ல மஞ்சள்தூள் போட்டியாங்கிறதை மறைக்காமச் சொல்லிரு. போட்டிருந்தா ரேடியேட்டரைத் தனியாக் கழட்டி எதிர்ப்பக்கமாத் தண்ணி விட்டுக் கழுவணும், அதுக்கு ஒரு மணி நேரம் கூட வேணும்.