தூணுக்கு கார்பன் துணி சுத்தற கதை

மாப்ள,

எப்டி இருக்க? உன் பொண்ணு எம்.டெக் ப்ராஜெக்ட்டுக்கு, கார்பன் துணி சுத்துன கான்கிரீட் தூண் எவ்ளோ தாங்கும்னு கம்ப்யூட்டர்ல கணிக்கறாளாமே, நீ சொன்னதுல இருந்து எழுதணும்னே இருந்தேன், ஏன்னா இங்க கிருஷ்ணகிரில ஒரு மாங்கூழ் பேக்டரில எனக்கும் அதே வேலைதான் ஓடுது. பழைய ஷெட்டு, 300க்கு 300 மிமீ சதுரத் தூண், கோர் எடுத்து (தூண்ல துளை போட்டு எடுக்கற கான்கிரீட் துண்டு) உடைச்சா 20 எம்பிஏக்கு (மெகாபாஸ்கல், பலத்தோட அளவு) மேல ஏற மாட்டேங்குது, ஓனர் என்னடான்னா மேல தண்ணி டேங்க் வெச்சே ஆகணும்ங்கறாரு. துணி விக்க வந்த ஆளு "ரெண்டு சுத்து போட்டா டபுள் ஆயிடும் சார்"னுட்டு டீய குடிச்சிட்டு போயிட்டான்.

நானே கணக்கு போட்டு பாத்தேன். லாம், டெங்னு ரெண்டு ஆராய்ச்சிக்காரங்க 2003ல குடுத்த ஃபார்முலாதான், அமெரிக்க கான்கிரீட் சங்கத்தோட வழிகாட்டி ஏசிஐ 440ம் அத ஒட்டித்தான் போகுது. ரெண்டு சுத்தும் சேத்து துணி 0.33 மிமீ, 300 மிமீ விட்டம் உருளைத் தூணா இருந்தா துணி உள்ள அமுக்கற அழுத்தம் சுமார் 4.3 எம்பிஏ, அத 3.3ஆல பெருக்கி கூட்டுனா 20 போயி 34 ஆகுது. அதே துணி, அதே ரெண்டு சுத்து, சதுரத் தூணுக்கு மூலைய 25 மிமீ ரவுண்ட் அடிச்சாலும் 25 எம்பிஏதான், அதுவும் சேஃப்டி ஃபேக்டர் எதுவும் கழிக்காமயே! துணி இறுக்கிப் புடிக்கறது மூலைலதான், பக்கத்துக்கு நடுவுல பிடிப்பே கெடையாது, கான்கிரீட் பாட்டுக்கு உப்பும். கிரைண்டர் வெச்சு மூலைய தேய்க்கற பையன் சோம்பேறிப்பட்டா அந்த 25 எம்பிஏவும் போச்சு.

பலத்தக் கூட ஓரளவு சொல்லிடலாம்டா, அமுங்கறதுதான் பெரிய தலைவலி. தூணுக்குள்ள சுருளா சுத்தற இரும்புக் கம்பி (ஸ்பைரல்) யீல்ட் ஆனப்புறம், அதாவது இளகி நீள ஆரம்பிச்சப்புறம், ஒரே அழுத்தத்துல நிக்கும், துணி அப்டி இல்ல, கான்கிரீட் உப்ப உப்ப இழுவிசை ஏறிட்டே போயி பட்டுனு அறுந்துடும். எப்ப அறுந்துடும்ங்கறதுலதான் எல்லா மாடலும் தடுமாறுது, தட்டையா ஒரு பட்டைய இழுத்தா 1.5 சதவீதம் நீளற துணி தூண்ல ஒட்டுனப்புறம் அதுல பாதி, கொஞ்சம் கூட, அவ்ளோதான் வரும். அந்த உருளைக் கணக்குலயே மீட்டருக்கு 2 மிமீ அமுங்கற கான்கிரீட் 13 மிமீ வரைக்கும் போகும்னு வருது, பேப்பர்ல ஜோரா இருக்கும், ஆனா 3 மீட்டர் தூண் கிட்டத்தட்ட 40 மிமீ குட்டையானா மேல இருக்கற பீமும் சுவரும் என்னாகும் சொல்லு. ஏசிஐ அத 1 சதவீதத்துலயே, அதாவது மீட்டருக்கு 10 மிமீலயே, நிறுத்திடுது, சரியான வேலை.

உன் பொண்ண ஒண்ணு கேளு, அவ மெஷினுக்கு ஊட்டற டேட்டால பாதிக்கு மேல 150 மிமீ விட்டம், 300 மிமீ உயரம் சின்ன உருளைங்கதான, உள்ள கம்பி கூட இல்லாம? அத வெச்சு கத்துக்கிட்டது என் சதுரத் தூணுக்கு பதில் சொன்னா நான் நம்ப மாட்டேன். சதுரத் தூண் டேட்டா தனியா இருந்தா, மூலை ரேடியஸோட, எனக்கு அனுப்பச் சொல்லு, ஓனர் அடுத்த வாரம் துணிக்கு அட்வான்ஸ் குடுக்கறேன்னு குதிக்கறாரு. நான் டேங்க தனியா நாலு கால் போட்டு வெளிய நிறுத்தச் சொல்லிட்டிருக்கேன், காதுலயே வாங்க மாட்டேங்கறாரு.