அலபாமாவின் ஹன்ட்ஸ்வில்லில் தமிழ்ப் படங்களுக்கு வியாழன் காட்சி ஏற்பாடு செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நண்பர்களுக்கு வணக்கம்.

நம் ஊரின் மேடிசன் ஸ்கொயர் மால் 2017-இல் மூடப்பட்டது. அதை இடித்த இடத்தில் இன்று மிட்சிட்டி என்னும் வளாகம் நிற்கிறது. பிரிட்ஜ் ஸ்ட்ரீட் 2007-இலேயே திறந்தவெளிக் கடை வளாகமாக வந்துவிட்டது. எந்தத் தியேட்டரைப் பிடித்தாலும் சரி, டிக்கெட் விற்றுத் தீர்ந்த பிறகும் காட்சியைக் கவிழ்க்கக்கூடியது, பூட்டிய படக் கோப்பைத் திறக்கும் கேடிஎம் என்னும் டிஜிட்டல் சாவி.

சாவி தியேட்டருக்கு வருவதில்லை, குறிப்பிட்ட ஒரு திரைக்குப் படத்தை ஓட்டும் கணினியான சர்வருக்கு வருகிறது. கூட்டம் அதிகம் என்று ஐந்தாம் திரையிலிருந்து எட்டாம் திரைக்குப் படத்தை மாற்றினால் ஓடாது. சர்வரில் பூட்டைத் திறக்கும் பாகமான மீடியா பிளாக் பழுதாகி, அதை மாற்றியிருந்தாலும், பழையதன் டிஜிட்டல் சான்றிதழுக்கு வந்த சாவி செல்லாது. ஆகவே மேனேஜரிடம், பிடித்த திரை, மாற்றக்கூடிய திரை என இரண்டின் சர்வர்களுக்கும் இப்போதைய சீரியல் எண்களை வாங்கி, விநியோகஸ்தரிடம் இரண்டுக்கும் சாவி கேளுங்கள். சாவி எதுவரை செல்லும் என்ற நேரத்தையும் பாருங்கள்: அட்லாண்டா நம்மைவிட ஒரு மணி முன்னால். அந்த ஊர்க் கணக்கில் நள்ளிரவோடு முடியும் சாவி இங்கே 11 மணிக்கே காலாவதி. அதற்குப் பிறகு தொடங்கும் காட்சிக்கு உதவாது.

கடைசி நேரத்தில் படத்தில் ஏதாவது வெட்டினால் புதுப் பதிப்புக்குப் புதுச் சாவி வேண்டும். மாறிய பகுதி மட்டும் உள்ள திருத்தக் கோப்பு மட்டும் வந்து மூலக் கோப்பு ஏறாமல் இருந்தாலும் படம் நடுவில் நிற்கும், அல்லது தொடங்கவே தொடங்காது. இரண்டரை மணி நேரப் படம் 280 ஜிபி வரை போகலாம். வியாழன் மாலை ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுபோய்க் கொடுப்பது சூதாட்டம். புதன்கிழமையே ஏற்றச் சொல்லுங்கள். சாவி திறந்ததும் முதல் ஐந்து நிமிடம், இடைவேளைக்குப் பின் ஐந்து நிமிடம் ஓட்டி, சப்டைட்டிலும் வசனமும் சரியா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இடைவேளையை இங்குள்ள தியேட்டர்கள் தாமாக விடுவதில்லை. 'இடைவேளை' என்ற அட்டை சில நொடி தெரிந்து படம் ஓடிக்கொண்டே இருக்கும். எத்தனையாவது நிமிடம் என்று விநியோகஸ்தரிடம் கேட்டு, பிளேலிஸ்ட்டில் 15 நிமிட நிறுத்தமும் விளக்கும் போடச் சொல்ல வேண்டும். பாப்கார்ன் விற்பனையைச் சொன்னால் மேனேஜர் மறுக்கமாட்டார். ஆனால் விளம்பரமும் சேர்த்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதையும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த காட்சியை நெருக்கி வைத்துவிடுவார்கள்.

ஏப்ரலிலும் நவம்பரிலும் டொர்னேடோ என்னும் சுழல்காற்று எச்சரிக்கை வந்தால் காட்சி நிற்கும். திறந்தவெளி வளாகத்தில் கடைகளுக்கு ஓட முடியாது, தியேட்டருக்குள் எங்கே ஒதுங்குவது என்று முன்பே கேளுங்கள். மொத்தமாக எடுத்த டிக்கெட்டுக்குப் பணம் திரும்புமா, இலவசப் பாஸ்தானா என்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பாஸ் என்றால், அடுத்த தமிழ்ப் படத்துக்கும் அது செல்லுமா என்று சேர்த்தே கேளுங்கள்.