மூன்று இரும்புப் பட்டைகள்

அன்புள்ள மாலா,

நலம். அம்மாவுக்குக் கால்வலி இப்போது தேவலை, உன்னை ரொம்ப விசாரித்தாள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

தவளை இளவரசன் கதையை நான் புதிதாகத் திருப்பி எழுதியதைப் படித்துவிட்டு, "இருட்டாக இருக்கிறது, கனமாக இல்லை" என்று எழுதினாயே, அந்த ஒரு வரிக்காகத்தான் மூன்று மாதமாகப் பதில் போடவில்லை. அவ்வளவு கோபம். ஆறாம் வகுப்பிலேயே என் கட்டுரை நோட்டைச் சிவப்பு மையால் திருத்தியவள்தானே நீ!

நீ சொன்னது சரி. ரத்தம், சாபம், எலும்புக்கூடு என்று அள்ளிப் போட்டிருந்தேன். போன வாரம் ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812-ல் வெளியிட்ட மூலக் கதையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். தவளையை இளவரசனாக்கும் முத்தமே அதில் கிடையாது, மாலா. கொடுத்த வாக்கைக் காப்பாற்று என்று அரசன் மகளை அதட்டுகிறான். அவள் அந்தச் சில்லென்ற தவளையை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குப் போகிறாள். அது படுக்கையிலும் இடம் கேட்கிறது. சுவரில் ஓங்கி அடிக்கிறாள். அப்போதுதான் அது இளவரசனாகிறது.

தண்ணீரில் விழுந்த பந்தை எடுத்துத் தந்தால் கூடவே வைத்துக்கொள்கிறேன் என்று தவளைக்குப் பதறிப்போய்க் கொடுத்த வாக்கு! அதைக் காட்டி ஒரு சின்னப் பெண்ணை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறார்கள், பார். இதற்கு மேல் நான் என்ன இருட்டைச் சேர்ப்பது?

எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதுகிறேன். சிரிப்பு வரும் இடம் எதையும் எடுக்கவில்லை. பளிங்குப் படியில் தவளை சளப் சளப் என்று ஏறி வருமே, அந்தச் சத்தம் அப்படியே இருக்கிறது. ஆனால் இப்போது அது அவள் காதில் விழுகிறது. மேசையைச் சுற்றி எல்லாரும் பேசிக்கொண்டே சாப்பிடுகிறார்கள். அவள் கை மட்டும் தட்டிலேயே நின்றுவிடுகிறது.

அப்புறம் ஹைன்ரிச். எல்லாரும் மறந்துபோன வேலைக்காரன். எஜமான் தவளையான துக்கத்தில் நெஞ்சு வெடித்துவிடக் கூடாதென்று அதைச் சுற்றி மூன்று இரும்புப் பட்டைகள் போட்டுக்கொண்டவன். கடைசியில் இளவரசனின் ஊருக்கு வண்டியில் போகும்போது, சந்தோஷத்தில் அவை ஒவ்வொன்றாகத் தெறிக்கின்றன. வண்டிதான் உடைகிறது என்று இளவரசன் நினைக்கிறான். அவனுக்காக அழ ஓர் ஆள் இருந்தான். அவளுக்காக யார் பட்டை போட்டுக்கொண்டார்கள்? இந்தக் கேள்வி வந்ததிலிருந்து இரண்டு நாளாகத் தூக்கமில்லை எனக்கு.

கடைசிக் காட்சிதான் நகர மாட்டேன் என்கிறது. மூன்றாவது பட்டை தெறிக்கிறது. வண்டிக்குள் அவள் உட்கார்ந்திருக்கிறாள். அவள் ஏதாவது பேசட்டுமா, பேசாமலே இருக்கட்டுமா? பக்கங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். சிவப்பு மையிலேயே எழுதி அனுப்பு.

உன்
வசந்தா