ஓபன் விஸ்விட்ச்சில் கியூ அமைப்பவர்கள் கவனத்துக்கு

வணக்கம். ஓபன் விஸ்விட்ச் என்பது விர்ச்சுவல் மெஷின்களை (விஎம்) நெட்வொர்க்கோடு இணைக்கும் மென்பொருள் சுவிட்ச்; அதில் டிராஃபிக் வேகத்துக்கு வரம்பு வைக்கும் வரிசைதான் கியூ. போர்ட்டிலிருந்து வெளியேறும் டிராஃபிக்கை மட்டுமே கியூ கட்டுப்படுத்தும். விஎம்மை சுவிட்ச்சோடு இணைக்கும் டேப் போர்ட்டில் எச்டிபி (லினக்ஸின் கியூ முறை) வைத்தால் குறைவது அந்த விஎம்மின் டவுன்லோடு. அப்லோடுக்கு அதே இன்டர்ஃபேஸில் இன்கிரஸ் போலீசிங் (உள்ளே வரும் டிராஃபிக்கில் வரம்பை மீறுவதை உதிர்ப்பது) தனியாக வேண்டும்.

பலரும் சறுக்குவது அலகில்தான்: கியூவின் மேக்ஸ்-ரேட் பிட் கணக்கு, போலீசிங் ரேட் கிலோபிட் கணக்கு. 10 எம்பிபிஎஸ்ஸுக்கு முதலாவதில் 10000000, அடுத்ததில் 10000. போலீசிங்கில் பர்ஸ்ட் (ரேட்டை மீறிச் சட்டென்று வருவதில் அனுமதிக்கும் அளவு) மிகக் குறைவாக இருந்தால் பாக்கெட்டுகள் உதிர்ந்து, டிசிபி வேகம் கொடுத்த ரேட்டுக்கும் வெகு கீழே போய்விடும். ரேட்டில் பத்தில் ஒரு பங்கில் தொடங்கிக் கூட்டிப் பாருங்கள்.

கியூ உருவாக்கினால் மட்டும் போதாது. ஃப்ளோவில் (பாக்கெட்டை என்ன செய்வது என்று சொல்லும் விதி) கியூவைத் தேர்ந்தெடுக்கும் செட்-கியூ முதலில், வழக்கம்போல் அனுப்பும் நார்மல் அதன் பிறகு. இல்லையென்றால் எல்லாம் 0-வது கியூவுக்கே போகும்.

போர்ட்டிலிருந்து கியூஓஎஸ்ஸை (கியூக்களைப் போர்ட்டோடு இணைக்கும் அமைப்பு) நீக்கினாலும் ஓபன் விஸ்விட்ச்சின் டேட்டாபேஸில் பழைய பதிவுகள் அப்படியே கிடக்கும். தனியாக டெஸ்ட்ராய் கட்டளை கொடுத்து அழித்துவிடுங்கள்.