டாங்கி காங் எழுதும் கடிதம்

அன்புள்ள கண்ணா,

நேற்று போனில் நீ சொன்னதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். அக்காவும் இணைப்பில் இருந்தாள், அப்பா பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். பேச்சு எங்கோ போய்விட்டது. மரியோ பார்ட்டி என்ற நம் வீடியோ ஆட்டத்தின் ஜாம்பொரீ பதிப்பைப் பற்றி, "இனி ஜாம்பொரீயில் ப்ரோ ரூல்ஸ் வைத்துத்தான் ஆடவேண்டும் அம்மா. மற்றதெல்லாம் வெறும் அதிர்ஷ்டம்" என்றாய். அந்தக் கடைசிச் சொல்லை நீ அழுத்திய விதத்தில் எட்டு வயதுப் பையன் ஒருவன் எட்டிப் பார்த்தான். அவனுக்குத்தான் இந்தக் கடிதம். நீயும் படிக்கலாம்.

ப்ரோ ரூல்ஸ் என்றால் என்ன என்று தெரியாமல் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. போனை வைத்ததும் ஆட்டத்தைத் திறந்து பார்த்தேன். மறைந்திருந்து திடீரென்று நட்சத்திரம் தரும் பெட்டி கிடையாது. எல்லார் சொத்தையும் தலைகீழாக மாற்றும் சான்ஸ் டைம் கிடையாது. மினி ஆட்டத்தை நாமே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவேண்டும். முடிவில் தரும் போனஸ் நட்சத்திரம் ஒன்றே ஒன்று. அதுவும் எதற்காக என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுவார்கள். 1998 டிசம்பரில் முதல் மரியோ பார்ட்டி வந்து, 2024 அக்டோபரில் இந்த ஜாம்பொரீ வந்தது. இத்தனை வருடம் கழித்து உன்னைப் போன்றவர்களின் புகாருக்குச் செவி சாய்த்திருக்கிறார்கள். நியாயமான விதிகள்தான். நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்த விதிகள் நம் வீட்டில் அன்றைக்கே இருந்திருந்தால் நான் இரண்டாம் நாளே எழுந்து போயிருப்பேன்.

நம் பழைய ஆட்டப்பெட்டி நின்டென்டோ 64-இன் கன்ட்ரோலர் உனக்கு நினைவிருக்கும். மூன்று கைப்பிடி; மனிதனுக்கு இருப்பது இரண்டு கை. பார்த்தவுடன் யாருக்கும் வலமும் இடமும் பிடிக்கத்தான் தோன்றும். அப்படித்தான் நான் மாதக்கணக்கில் பிடித்துக்கொண்டிருந்தேன். நடுவில் இருக்கும் குச்சிக்கு என் கட்டைவிரல் எட்டவே எட்டாது. நடுக் கைப்பிடியைத்தான் இடது கையால் பிடிக்கவேண்டும் என்று நீ கண்டுபிடித்துச் சொன்னபோது, உன் முகத்தில் இருந்த இரக்கத்தை நான் இன்னும் மறக்கவில்லை. ஆட்டத்தில் வரும் ஆறு பேரில் நான் டாங்கி காங் என்ற குரங்கைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமும் பெரிதாக ஒன்றுமில்லை. நெரிசலில் நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்கே கண்டுபிடிக்க முடிந்த ஒரே உருவம் அதுதான்.

அப்படிப்பட்ட என்னை இருபது திருப்பம் உட்காரவைத்தது எது? பகடைப் பெட்டியை யார் முட்டினாலும் ஒன்றிலிருந்து பத்துக்குள் ஏதோ ஓர் எண்தான். நீ அதற்கு ஒரு சாஸ்திரமே வைத்திருந்தாய். விரல்நுனியில் ஊதிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கட்டைவிரலையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து 'ஏ' பொத்தானை அழுத்துவாய். உனக்கு இரண்டு விழும். அப்பா தூங்கி வழிந்துகொண்டே அழுத்துவார், பத்து விழும். நீலக் கட்டத்தில் நின்றால் மூன்று காசு, சிவப்பில் நின்றால் மூன்று காசு போகும், இருபது காசு சேர்த்துக்கொண்டு நட்சத்திரம் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் அது நமக்கு; வாங்கியவுடன் நட்சத்திரம் வேறு இடத்துக்குப் பறந்துவிடும். இவ்வளவுதான் ஆட்டம். வேகமான கை உள்ளவனுக்கு மினி ஆட்டங்களில் பத்து பத்துக் காசாகச் சேரும். கை வராதவளுக்குப் பகடை. நீ பிறவியிலேயே முதல் வகை, நான் இரண்டாம் வகை.

அந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்றை நீங்கள் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. நால்வரும் நகர்ந்து முடித்ததும் எந்த நிறக் கட்டத்தில் நிற்கிறோமோ அதை வைத்துத்தான் அணி பிரியும். இரண்டு நீலம், இரண்டு சிவப்பு என்றால் இருவருக்கு இருவர். ஒருவர் மட்டும் வேறு நிறம் என்றால் அவர் ஒருபக்கம், மற்ற மூவர் ஒருபக்கம். ஒரு நாள் சாயங்காலம் முழுக்க நீயும் அக்காவும் பேசிக்கொள்ளவில்லை. பென்சில் பெட்டியோ என்னவோ தகராறு. ஆட உட்கார்ந்தபோதும் ஆளுக்கொரு மூலை. இருவரும் சிவப்பில் போய் நின்றீர்கள். வந்தது பனிச்சறுக்கு வண்டிப் பந்தயம். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். இருவரும் ஒரே பக்கம் சாய்ந்தால்தான் வண்டி திரும்பும். முதல் வளைவில் முகத்தைத் திருப்பிக்கொண்டே ஆடினீர்கள். இரண்டாம் வளைவில் அக்கா "இடது!" என்று கத்தினாள். அதற்கப்புறம் நீ கத்தினாய். நானும் அப்பாவும் பாதையிலிருந்து வழுக்கிப் பள்ளத்தில் விழுந்தோம், நீங்கள் ஜெயித்தீர்கள். பென்சில் பெட்டி பேச்சே பிறகு எழவில்லை. நான் சமாதானம் பேசியிருந்தால் ராத்திரி பத்து மணி வரை ஆகியிருக்கும்.

அப்பாவைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆட்டத்தில் வரும் லூய்ஜி எதுவுமே செய்யாமல் நின்று ஜெயிக்கும் வீடியோக்கள் இணையத்தில் உலகப் புகழ் பெற்றவை என்று அக்கா ஒருமுறை அனுப்பினாள். அப்பாவைக் கண்டுபிடித்துப் படம் எடுத்துவிட்டார்களோ என்று நினைத்தேன். பெரிய பந்துகளின் மேல் நின்று ஒருவரை ஒருவர் மோதித் தள்ளும் ஆட்டத்தில் அவர் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டுக் கண்ணாடி துடைப்பார். நாம் மூவரும் மோதிக்கொண்டு விளிம்பில் விழுவோம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு "முடிந்துவிட்டதா?" என்பார்.

சரி, அந்த ராத்திரிக்கு வருகிறேன்.

வெஸ்டர்ன் லேண்ட் என்ற பலகை. ஊருக்குள் ஒரு ரயில் ஓடும், வழியில் நிற்பவரை மோதித் தொடக்க இடத்துக்கே அனுப்பிவிடும். அன்றைக்கு அது என்னை இரண்டு தடவை அடித்தது. இரண்டு தடவையும் காசு கொடுத்து ரயிலைக் கிளப்பியவன் நீ. கடைசி ஐந்து திருப்பம் வந்து, நீல, சிவப்புக் கட்டங்களின் காசு இரட்டிப்பானபோது உன்னிடம் மூன்று நட்சத்திரம், என்னிடம் இரண்டு, அக்காவிடம் ஒன்று, அப்பாவிடம் வழக்கம்போல் காசு மட்டும். நீ உட்காரவே இல்லை. கன்ட்ரோலர் கயிறு எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தாய்.

ஆட்டம் முடிந்து போனஸ் நட்சத்திரங்களை அறிவித்தார்கள். மினி ஆட்டங்களில் அதிகம் சம்பாதித்ததற்கு ஒன்று, அக்காவுக்குப் போனது. நீ ஒரு ஆட்டத்தில் கோட்டைவிட்டிருந்தாய். ஏதேனும் ஒரு நேரத்தில் அதிகக் காசு வைத்திருந்ததற்கு ஒன்று, அப்பாவுக்கு. கடைசியாகக் கேள்விக்குறி போட்ட பச்சைக் கட்டங்களில் அதிகம் கால் வைத்தவருக்கு ஒன்று. அதை நான் குறிவைத்து மிதிக்கவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். மூன்றுக்கு மூன்று. நட்சத்திரம் சமமானால் காசை எண்ணுவார்கள். உன்னிடம் ஏழோ எட்டோ. என்னிடம் அறுபதுக்கு மேல்.

நீ கன்ட்ரோலரை எறியவில்லை. எறிந்திருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன். கயிற்றைப் பிடுங்கி, விரலில் ஒவ்வொரு சுற்றாகச் சுற்றி, நுனியைச் செருகி, பெட்டிமேல் நேராக வைத்துவிட்டுப் போய்ப் போர்வைக்குள் புகுந்துகொண்டாய். "அதிர்ஷ்டத்தில் ஜெயித்தாய்" என்று போர்வைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

இதுநாள்வரை உன்னிடம் சொல்லாதது இதுதான். கடைசித் திருப்பத்துக்கு முந்தைய திருப்பத்தில் நான் பூவைக் கடந்து போனேன். (பெயர்தான் பூ, செய்வது திருட்டு. அந்த வெள்ளைப் பேய்க்கு யார் அப்படிப் பெயர் வைத்தார்களோ, தமிழ் வீட்டுக்குள் வரும் என்று நினைத்திருக்கமாட்டார்கள்.) ஐம்பது காசு கொடுத்தால் யாரிடமிருந்தும் ஒரு நட்சத்திரத்தைத் திருடிக் கொண்டுவந்து தரும். என்னிடம் ஐம்பதுக்கு மேல் இருந்தது. திரையில் உன் ஆளான யோஷியின் முகம் வந்து நின்றது. நீ நடப்பதை நிறுத்திவிட்டு என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாய். "எந்தப் பொத்தான் என்று தெரியவில்லையே" என்று சொல்லிவிட்டு வேண்டாம் என்பதை அழுத்தினேன். எனக்குத் தெரியும் கண்ணா. அதற்குள் எல்லாப் பொத்தானும் தெரிந்துவிட்டது. நடுக் கைப்பிடியைக்கூடச் சரியாகத்தான் பிடித்திருந்தேன்.

செலவழிக்காத அந்தக் காசுதான் கடைசியில் எண்ணிக்கையில் உன்னைத் தோற்கடித்தது. உன்னை ஜெயிக்கவிட நினைத்துத்தான் உன்னை ஜெயித்தேன். அதை அன்று ராத்திரி போர்வைக்கு வெளியே உட்கார்ந்து சொல்லியிருந்தால் உனக்கு இன்னும் கோபம் வந்திருக்கும். அம்மா விட்டுக்கொடுத்தாள் என்பதைவிட அதிர்ஷ்டம் ஏமாற்றியது என்பது எட்டு வயதுக்குப் பொறுக்கக்கூடிய தோல்வி. பழியை அதிர்ஷ்டத்தின்மேல் போட்டுவிட்டு நான் சும்மா இருந்துவிட்டேன். அது அதைத் தாங்கிக்கொண்டது.

நடுவில் வந்த ஆட்டங்களைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை. 2012-இல் வந்த ஒன்பதாவதில் நால்வரையும் ஒரே வண்டியில் ஏற்றிவிட்டார்கள். முதல் ஆட்டங்களைச் செய்த ஹட்சன் சாஃப்ட் அந்த வருடம்தான் கோனாமியோடு கலந்து மறைந்தது. ஒன்பதாவதைச் செய்தது என்டி கியூப். அங்கே பழைய ஹட்சன் ஆட்கள் பலர் இருந்தார்கள் என்கிறார்கள், பிறகு ஏன் அப்படிச் செய்தார்கள் என்று புரியவில்லை. ஒரே வண்டியில் போனால் யாரை யார் துரத்துவது? விடுமுறைக்கு வந்திருந்தபோது நாம் இரண்டே முறை ஆடிவிட்டு மூடிவைத்தோம். டிவியில் ஆடுவதில், 2018-இல் ஸ்விட்ச் ஆட்டப்பெட்டிக்கு வந்ததில்தான் மறுபடி அவரவர் காலில் நடக்கவிட்டார்கள்.

நீ ஊரைவிட்டுப் போன பிறகு வந்த சூப்பர்ஸ்டார்ஸ் பதிப்பு எனக்கு ஒரு வரப்பிரசாதம். பழைய நின்டென்டோ 64 பலகைகள் ஐந்து, நூறு மினி ஆட்டங்கள், அதுவும் இணையம் வழியாக. உனக்குக் காலை, எங்களுக்கு ராத்திரி. முதல் நாள் கயிறு இழுக்கும் ஆட்டம் வந்தது. குச்சியை வேகமாகச் சுழற்றவேண்டிய அதே ஆட்டம். தொடங்குவதற்கு முன் திரையில் ஓர் எச்சரிக்கை: உள்ளங்கையால் சுழற்றாதீர்கள், தோல் பாதிக்கப்படலாம். நான் வாய்விட்டுச் சிரித்தேன். முதல் மரியோ பார்ட்டியில் அப்படிச் சுழற்றிப் பல பிள்ளைகளுக்கு உள்ளங்கை புண்ணாகி, நியூயார்க் அரசு வழக்கறிஞர் அலுவலகம் விசாரித்து, 2000-ஆம் ஆண்டில் நின்டென்டோ வீட்டுக்கு நான்கு கையுறை வரை தருவதாக ஒப்புக்கொண்டது. எட்டுக் கோடி டாலர் வரை செலவாகலாம் என்று அப்போது எழுதினார்கள். அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து உங்கள் இருவரிடமும் "கட்டைவிரல் மட்டும்!" என்று கத்திக்கொண்டிருந்தவள் நான். நீங்கள் கேட்டீர்களா? இப்போது ஆட்டமே சொல்கிறது.

ப்ரோ ரூல்ஸ் விஷயத்துக்கு என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். நீயும் அக்காவும் ஆடும்போது தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் இருவருக்கும் கை சமம். நான்கு பேர் ஆடும் நாளில் முதல் ஆட்டம் உன் விதிப்படி, தோற்பேன், முணுமுணுக்கமாட்டேன். இரண்டாவது ஆட்டம் பழைய விதிப்படி, சான்ஸ் டைம், மறைபெட்டி, அறிவிக்காத போனஸ் எல்லாவற்றோடும். எனக்கு இப்போது கண்ணும் அவ்வளவு தெளிவில்லை, கட்டைவிரல் காலையில் மடங்க நேரமாகிறது. பகடையைத் தவிர எனக்கு வேறு கட்சிக்காரர் இல்லை.

ஜாம்பொரீயில் வெஸ்டர்ன் லேண்ட் மறுபடி வந்திருக்கிறது, கவனித்தாயா? ஆடி ஆடித்தான் அதைத் திறக்கவேண்டும். உன்னிடம் சொல்லாமல் நானும் அப்பாவும் தினம் சாப்பிட்டபின் ஆடி இங்கே திறந்துவிட்டோம். சனிக்கிழமை அதில்தான். ரயிலைக் கிளப்பும் இடத்தை நான் இந்தத் தடவை முன்கூட்டியே பார்த்து வைத்திருக்கிறேன். வழியில் பூ வந்து கேட்டால் யார் முகத்தைக் காட்டுவது என்பதையும் யோசித்தாயிற்று. அறுபது காசு கையில் இருந்தால் இந்த முறை பொத்தான் தெரியாமல் போகாது.

அப்பா தனக்கு யோஷிதான் வேண்டும் என்று இப்போதே அடம்பிடிக்கிறார். நீ பார்த்துப் பேசிக்கொள்.

அன்புடன்,
அம்மா