கயிறு சிக்கினால் எட்டுப் பேரும் நிற்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இப்போதைய பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போவதே இல்லை, எல்லாம் கைபேசி செய்த வேலை என்று சென்ற இதழில் ஒரு வாசகர் வருத்தப்பட்டிருந்தார். கைபேசிக்கும் பங்கு உண்டுதான். ஆனால் பெரியவர்கள் நாம் செய்வதையும் பேச வேண்டும்.

யாங்கோனில் ஒரு கோயில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். ஆண்டுவிழா என்றால் குறள் ஒப்பித்தல், கையெழுத்து, பேச்சு எல்லாவற்றிலும் முதல், இரண்டு, மூன்று என்று பரிசு. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சிறுமி தன் தோழியின் குறள் புத்தகத்தைப் பாய்க்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டாள். கேட்டால், "அவ படிச்சுட்டா எனக்கு முதல் பரிசு கிடைக்காதே டீச்சர்" என்று அழுகிறாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பரிசுகளை மேசையில் அடுக்கி வைத்தது நான்தானே.

அந்த வருஷமே பின்னல் கோலாட்டம் ஆரம்பித்தோம். மேலே ஒரு வளையம், அதிலிருந்து எட்டுக் கயிறு. ஒரு கையில் கயிறு, மறு கையில் கோல். நாலு பேர் ஒரு பக்கமாகவும் நாலு பேர் எதிர்ப்பக்கமாகவும், ஒருவரைத் தாண்டி உள்ளே, அடுத்தவரைத் தாண்டி வெளியே என்று புகுந்து வர, மேலேயிருந்து ஜடை மாதிரி பின்னல் இறங்கும். அப்புறம் அதே அடியைத் திருப்பிப் போட்டு அவிழ்க்க வேண்டும். ஒருத்தி தப்பான பக்கம் புகுந்தால் போச்சு, எட்டுப் பேரும் நிற்க வேண்டியதுதான்.

முதல் மூன்று வாரமும் சண்டைதான். "நீதான் சிக்க வச்சே", "இல்ல, நீதான்." வேகமாக ஆடுகிறவள் முந்தி ஓடுவாள், கயிறு முடிச்சு விழும். நாலாவது வாரம், புத்தகத்தை ஒளித்தவளே கோலைக் கீழே வைத்துவிட்டு, எல்லாரிலும் சின்னவளைக் கைபிடித்து "இப்ப உள்ளே, இப்ப வெளியே" என்று கயிறில்லாமல் வெறும் அடி நடந்து காட்டினாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. சின்னவள் தப்பினால் தன் பின்னலும் கெடும் என்று அவளுக்கே புரிந்துவிட்டது.

இப்படிச் சேர்ந்து ஆடும் ஆட்டத்தைத் தேடி இந்த மியான்மர் நாட்டை விட்டு வெளியே போகவும் வேண்டாம். சாயங்காலம் தெருமுனையில் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஆறு பேர் வட்டமாக நின்று சின்லோன் ஆடுவதைப் பாருங்கள். எதிரணி கிடையாது. நடுவில் நிற்பவர் காலாலும் முட்டியாலும் வித்தை காட்ட, சுற்றி நிற்பவர்கள் அவருக்கு வாகாகப் பந்தை எடுத்துக் கொடுப்பார்கள். பிரம்புப் பந்து தரையில் விழாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். 2013இல் தலைநகர் நேபிடோவில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் இதற்கும் பதக்கம் வைத்தார்கள். தெருவில் ஆடுகிறவர்கள் இன்றும் யார் ஜெயித்தார் என்று கேட்பதில்லை.

பாடத்திலும் இது முடியும். 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், வெவ்வேறு இனப் பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்த்தபோது அடிதடி மூண்டது. எலியட் ஆரன்சன் என்ற உளவியல் பேராசிரியர் பாடத்தைத் துண்டுகளாக்கி, குழுவில் ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். தன் துண்டை மற்றவர்களுக்கு அவரவரே சொல்லித்தர வேண்டும். யாரையும் ஒதுக்கினால் பாடமே முழுமையாகாது. எங்கள் வகுப்பில் ஒரு குறளை இப்படிப் பிரித்தேன். எழுத்துக் கூட்டி வாசிப்பது ஒருவன், பதவுரை ஒருத்தி, அதைப் பர்மிய மொழியில் சொல்வது ஒருவன். வீட்டில் பர்மியம் மட்டுமே பேசி, தமிழ் வராது என்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த பையனைத் தேடி மூன்று பேர் போனார்கள்.

"பரிசு இல்லாவிட்டால் பிள்ளை எப்படி முன்னுக்கு வரும்?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கவலைதான். ஆனால் முந்துவதற்குப் பள்ளிக்கூடப் பரீட்சை இருக்கிறது. வாரம் ஒரு நாள், இரண்டு மணி நேரமாவது சேர்ந்து நிற்கப் பழகட்டுமே.

தங்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் பரிசு வாங்கிய பிள்ளையின் படத்தை மட்டும்தான் போடுகிறீர்கள். வரும் பொங்கல் இதழில் ஒரு பக்கத்தைச் சேர்ந்து செய்தவர்களுக்குக் கொடுங்கள். எங்கள் எட்டுப் பேரின் படத்தை நான் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஞாயிறு வகுப்பு ஆசிரியை ஒருத்தி,
யாங்கோன்