தெரியாது என்று சொல்லிவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டோம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இது ஒரு தடவையாவது நடந்திருக்கும் என்பதால் எழுதுகிறேன். என்னிடம் இருப்பது 1960களில் வந்த மோரிஸ் மைனர். கொஞ்ச நாள் முன்பு அதில் ஒரு கோளாறு. காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும், இருபது நிமிடம் நன்றாக ஓடும், அப்புறம் மிஸ்ஸிங் அடிக்க ஆரம்பித்து, இழுவை இல்லாமல் தட்டுத் தடுமாறி நின்றுவிடும். அரைமணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடியும் ஓடும்.

ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். பார்த்த தம்பி நல்ல பையன், வேலையில் சுத்தம். ஆனால் முதல் காரியமாக ஸ்டீயரிங்குக்குக் கீழே குனிந்து காரின் கம்ப்யூட்டரிலிருந்து கோளாறைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகும் இடத்தைத் தேடினார். அமெரிக்காவிலேயே அந்த சாக்கெட் எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயமானது 1996இல்தான், என் காரில் எங்கிருந்து வரும்? இல்லை என்று தெரிந்ததும், சூடானால் நிற்கிறது என்றால் பெட்ரோல் பிரச்சினைதான் என்று முடிவு கட்டி, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டார். அது எஸ்யூ என்ற வகை கார்புரேட்டர். அதன் தலைப்பகுதியில் ஒரு சின்னக் குழாய்க்குள் கொஞ்சம் ஆயில் நிற்கவேண்டும், உள்ளே இருக்கும் பிஸ்டன் திடீரென்று எம்பாமல் நிதானமாக மேலே போவதற்காக வைத்தது. அவர் அதை இன்ஜின் ஆயில் கசிந்து வந்திருக்கிறது என்று நினைத்து, துணியால் துடைத்து, காய்ந்துபோகும்வரை சுத்தம் செய்து மாட்டிக் கொடுத்தார். இப்போது வண்டிக்கு இரண்டு வியாதி: சூடானால் நிற்கிறது, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் திணறுகிறது.

கடைசியில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரிய மெக்கானிக்கைக் கெஞ்சிக் கூட்டிவந்தேன். அவர் கார்புரேட்டர் பக்கமே போகவில்லை. இன்ஜினைச் சூடாகும்வரை ஓடவிட்டு, அது நின்றதும், பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, என்னை செல்ஃப் அடிக்கச் சொல்லி, குனிந்து பார்த்தார். உள்ளே திறந்து மூடும் சின்ன சுவிட்சான பாயிண்ட் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த இடத்திலேயே பளிச் பளிச்சென்று பொறி பறந்தது. "கண்டென்சர் போச்சு" என்றார், அவ்வளவுதான். பாயிண்ட் திறக்கும்போது மின்சாரம் சட்டென்று அறுபட்டால்தான், மின்னழுத்தத்தைக் கூட்டும் இக்னிஷன் காயில் பலமான ஸ்பார்க்கை பிளக்குக்கு அனுப்பும். அப்படி அறுபட உதவுவது சுண்டுவிரல் அளவுகூட இல்லாத அந்தக் கண்டென்சர். சூடேறியதும் அது செத்துப்போகிறது, ஆறினால் உயிர் வருகிறது. புதுசு ஒன்றை மாட்டி, கருகிப்போயிருந்த பாயிண்டை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்து இடைவெளி வைத்தார். கேஜ் லேசாக உரசிக்கொண்டு வெளியே வரவேண்டும் என்று என் கையைப் பிடித்து இழுக்கவைத்துக் காட்டினார். மொத்தம் பதினைந்து நிமிடம். அதற்குப் பிறகு கார்புரேட்டரில் ஆயிலை ஊற்றினார், திணறலும் போயிற்று.

அந்தத் தம்பியைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. 1990களிலேயே புதுக் கார்களில் கார்புரேட்டர் ஏறக்குறைய மறைந்துவிட்டது. அதற்கப்புறம் பிறந்தவர் பாயிண்டையும் கண்டென்சரையும் எங்கே பார்த்திருப்பார்? எனக்கு வருத்தம் ஒன்றே ஒன்றுதான், தெரியாது என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இரண்டுபேரும் சேர்ந்து மேனுவலைப் புரட்டியிருப்போம். புது வண்டியில் தப்பாக ஒன்றைச் செய்தால் கம்ப்யூட்டர் ஒரு விளக்கை எரித்துக் காட்டும். பழைய வண்டி ஒன்றும் சொல்லாது, மெதுவாக உள்ளுக்குள் தேய்ந்துகொண்டே போகும். ஜிஎல்-5 கியர் ஆயில் உயர்ந்த தரம்தானே என்று ஊற்றிவிடுகிறார்கள், பழைய கியர்பாக்ஸில் கியர் சத்தமில்லாமல் விழ உதவும் பித்தளை சின்க்ரோ வளையங்களை அதில் உள்ள கந்தகக் கலவை அரித்துவிடக்கூடும். பச்சை நிறக் கனிம எண்ணெயில் இயங்கும் சிட்ரோயன் டிஎஸ் காரில் சாதாரண பிரேக் ஆயிலை ஊற்றினால் ரப்பர் சீல்கள் அத்தனையும் ஊறிக் கெட்டுவிடும். அந்தக் காரில் பிரேக், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் எல்லாம் ஒரே எண்ணெயில் ஓடுகிறது என்றால் நஷ்டம் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள்.

அதே சமயம் எங்களைப் போன்ற உரிமையாளர்கள் மேலும் தப்பு இருக்கிறது. சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, சாயங்காலம் வருகிறேன் என்று போய்விடுகிறோம். நானும் அதைத்தான் செய்தேன், மேனுவல் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருந்தது! இப்போது பானெட்டின் உட்புறம் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறேன். பாயிண்ட் இடைவெளி 0.38 மில்லிமீட்டர், டாப்பெட் (வால்வு) இடைவெளி 0.30 மில்லிமீட்டர், கியர்பாக்ஸுக்கு இன்ஜின் ஆயில்தான், கார்புரேட்டர் தலையில் உள்ள ஆயிலைத் துடைக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே சிவப்பு மையில், பாசிட்டிவ் எர்த். அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். இது தெரியாமல் ஜம்ப் கேபிளை வழக்கம்போல மாட்டினால் பேட்டரி ஷார்ட் ஆகி, கேபிளே உருகிவிடும். இதைப் படிக்கும் பழைய கார்க்காரர்கள் இன்றைக்கே உங்கள் வண்டிக்கும் ஒரு அட்டை எழுதி ஒட்டுங்கள்.

மெக்கானிக் படிப்பு நடத்தும் நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். கார்புரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் உள்ள ஒரே ஒரு பழைய இன்ஜினை ஸ்டாண்டில் ஏற்றி வகுப்பறை ஓரத்தில் வையுங்கள். இன்ஜின் சத்தத்தைக் காதால் கேட்டே ஸ்பார்க் வரவேண்டிய நேரத்தை, அதாவது டைமிங்கை, வைக்கத் தெரிந்த பெரியவர் யாராவது அருகில் இருந்தால், மாதத்துக்கு ஒரு நாள் கூப்பிட்டு உட்காரவையுங்கள். எனக்கு வந்து உதவிய பெரியவருக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. பாயிண்ட் ஸ்க்ரூவை முடுக்கும்போது அவர் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறார். அடுத்த வாரம் அந்த ஒர்க்‌ஷாப் தம்பியையும் அவர் வீட்டுக்கு அழைத்துப் போகிறேன், தம்பியே கேட்டார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்